படம் ஓடுகிறது, சத்தம் இல்லை: வீட்டில் பதிந்த டிவிடிகளும் விஎல்சியும்

டிவிடி ரெக்கார்டரில் பதிந்த பழைய டிஸ்க்குகளைப் பல வருடமாகக் கணினியில்தான் பார்த்து வருகிறேன். படம் பளிச்சென்று வரும், சத்தம் மட்டும் வராது. கணினி மாறும்போதெல்லாம் இந்தத் தொல்லை புது வேஷத்தில் வந்து நின்றது. அத்தனை தடவையிலும் டிஸ்க் காரணமாக இருந்ததே இல்லை. சந்தேகமிருந்தால் டிவியோடு இணைத்த பிளேயரில் போட்டுப் பாருங்கள், அங்கே நன்றாகவே பேசும்.

டிவிடியில் படமும் ஒலியும் தனித்தனி முறையில் பதிந்திருக்கும். படம் எம்பெக்-2 என்ற சுருக்கும் முறையில். ஒலியை வீட்டு ரெக்கார்டர்கள் பெரும்பாலும் ஏசி-3 என்ற டால்பி டிஜிட்டலில் பதியும், சில எல்பிசிஎம் என்ற சுருக்காத முறையில். ஏசி-3க்கு டிகோடர் (சுருக்கியதைப் பிரித்துத் தரும் மென்பொருள்) இல்லாத பிளேயர் எதுவும் சொல்லாமல் படத்தை மட்டும் ஓட்டிவிடும். விண்டோஸ் 7-இன் சில பதிப்புகளில் டிவிடி பார்க்கும் வசதி கூடவே வந்தது, விண்டோஸ் 8-இல் எடுத்துவிட்டார்கள். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவினால் ஏசி-3 டிகோடரே இருக்காது. இத்தனைக்கும் ஏசி-3இன் காப்புரிமை 2017-லேயே முடிந்துவிட்டது!

கோடெக் பேக் (டிகோடர்களின் தொகுப்பு) எதையாவது இறக்கிப் போடுங்கள் என்று யாராவது சொல்வார்கள். நான் போட மாட்டேன். ஒன்றோடொன்று மோதி, ஓடிக்கொண்டிருந்ததையும் கெடுக்கும். விஎல்சி என்ற இலவச பிளேயர் தனக்கு வேண்டிய டிகோடர்களைத் தானே வைத்திருக்கிறது, பாதிக் கதை அதிலேயே முடிந்துவிடும். பார்க்க அழகாக இருக்காது, ரெக்கார்டர் போட்ட மெனுவில் சில சமயம் சிக்கியும் நிற்கும். அப்போது டிஸ்க்கைத் திறக்கும்போதே 'மெனு வேண்டாம்' என்ற தேர்வைப் போட்டால் நேராகப் படத்துக்குப் போகும்.

விஎல்சியிலும் சத்தம் வரவில்லையா? முதலில் ஆடியோ டிராக்கைப் பாருங்கள், அணைந்து கிடக்கலாம். அடுத்தது, என்னை அதிகம் அலைக்கழித்த பாஸ்த்ரூ. எஸ்பிடிஐஎஃப் (டிஜிட்டல் ஒலி இணைப்பு) அல்லது எச்டிஎம்ஐ பாஸ்த்ரூ போட்டிருந்தால் விஎல்சி ஏசி-3ஐப் பிரிக்காமல் அப்படியே வெளியே தள்ளும். எதிரே இருக்கும் மானிட்டருக்கு அது புரியாது. இதற்கு ஒரு அடையாளம் உண்டு: எம்பி3 பாட்டெல்லாம் கேட்கும், டிவிடி மட்டும் ஊமையாக இருக்கும். ஆடியோ அமைப்பில் பாஸ்த்ரூவை அணைத்துவிட்டு, படத்தை நிறுத்தி மறுபடி ஓட்டினால் சரியாகிவிடும். பாட்டும் கேட்கவில்லை என்றால் டிஸ்க்கை விட்டுவிடுங்கள். எச்டிஎம்ஐ கேபிள் செருகியதும் விண்டோஸ் ஒலியை மானிட்டருக்குத் திருப்பியிருக்கும், அந்த மானிட்டரில் ஸ்பீக்கரே இருக்காது.

என்ன ஒலி என்று தெரிந்துகொள்ள மீடியாஇன்ஃபோ என்ற மென்பொருளில், டிஸ்க்கில் படமும் ஒலியும் இருக்கும் விஓபி கோப்பு ஒன்றைத் திறக்கலாம். பெயர் _0 என்று முடிவது மெனு, அதில் பெரும்பாலும் ஒலி இருக்காது. அதைப் பார்த்துப் பதற வேண்டாம், _1-ஐத் திறங்கள்.

சில டிஸ்க்குகளில் விஓபியே இருக்காது. விஆர் (வீடியோ ரெக்கார்டிங்) முறையில் பதிந்திருந்தால் டிவிடி_ஆர்டிஏவி என்ற ஃபோல்டரும் உள்ளே பெரிய விஆர்ஓ கோப்பும் இருக்கும். அதை இழுத்து விஎல்சியில் போட்டால் ஓடும். பதிவுகள் எல்லாம் ஒரே நீளமாக வரும், அது ஒரு எரிச்சல். டிஸ்க்கே திறக்கவில்லை என்றால் ரெக்கார்டரில் ஃபைனலைஸ் (மற்ற கருவிகளிலும் ஓடும்படி டிஸ்க்கை முடித்து வைப்பது) செய்திருக்க மாட்டார்கள், அது வேறு வியாதி.

அடிக்கடி பார்ப்பவற்றை ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிவிட்டேன். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில் படத்தைத் தொடாமல் நகலெடுத்து, ஒலியை மட்டும் ஏஏசி என்ற முறைக்கு மாற்றி எம்கேவி கோப்பில் போட்டேன். படத்தை மறுபடி சுருக்காததால் சீக்கிரம் முடிகிறது, தரமும் குறைவதில்லை. விஓபிகள் ஒரு ஜிபி துண்டுகளாக இருக்கும், வரிசை மாறாமல் ஒட்டிவிட்டு அப்புறம் மாற்றுங்கள்.