9 தொகுதிகளுக்கு ஒரே மூலக் கோப்பு: இன்டிசைனில் ஆறு ஆண்டுகள்

ஒரே நூல்வரிசையின் பக்க வடிவமைப்பை ஆறு ஆண்டுகளாக, அடோபியின் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் செய்து வருகிறேன். மொத்தம் 9 தொகுதிகள். ஒவ்வொன்றிலும் 10 முதல் 14 அதிகாரங்கள். அதிகாரத்துக்கு ஒரு கோப்பு. பத்தி ஸ்டைல்கள் (எழுத்தளவு, வரி இடைவெளி போன்ற அமைப்புகளை ஒரு பெயரில் சேமித்தவை), வண்ணங்கள், எழுத்துருக்கள், விளக்கப்படங்கள், ஓரச் சின்னங்கள் ஆகியவை எல்லாத் தொகுதிகளுக்கும் பொது. பக்கம் கட்டுவதைவிட, இந்தப் பொதுச் சொத்தைப் பிசகாமல் வைத்திருப்பதே பெரிய வேலை என்பது இரண்டாம் தொகுதி முடிவதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது.

இன்டிசைனில் பல கோப்புகளை ஒரு நூலாகச் சேர்க்க ‘புக்’ என்ற கோப்பு இருக்கிறது. அதில் ஓர் ஆவணத்தை ஸ்டைல் மூலமாகக் குறித்துவிட்டு ‘சிங்க்ரனைஸ்’ கொடுத்தால், அதிலுள்ள ஸ்டைல்களும் வண்ணங்களும் மற்ற அதிகாரங்களுக்குச் செல்லும். இல்லாதவை சேர்க்கப்படும், அதே பெயரில் இருப்பவை அழிந்து மூலத்தில் உள்ளபடி ஆகும், மூலத்தில் இல்லாத பெயர்கள் அப்படியே விடப்படும். பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதால், ஆங்கிலப் பெயரில் ஒரு பெரிய எழுத்து சிறிய எழுத்தாக மாறியிருந்தாலும் அதை வேறு ஸ்டைலாகவே அது எடுத்துக்கொள்ளும். எங்கள் முதல் தொகுதியில் ஒரே தலைப்புக்கு மூன்று ஸ்டைல்கள் சேர்ந்துபோனது இதனால்தான்.

ஒரே ஆவணத்தைப் பல புக் கோப்புகளில் சேர்க்க முடியும் என்பது எனக்குத் தாமதமாகத் தெரிந்தது. தெரிந்தபின் வேலையின் முகமே மாறிவிட்டது. ஒரே ஒரு வெற்றுப் பக்கம் உள்ள மூலக் கோப்பை உருவாக்கி, ஒன்பது புக் கோப்புகளிலும் முதல் உறுப்பாக வைத்து, அதையே எல்லாவற்றுக்கும் ஸ்டைல் மூலமாகக் குறித்திருக்கிறேன். அந்த வெற்றுப் பக்கமும் பக்க எண்ணிக்கையில் சேர்ந்துவிடும் என்பதால், முதல் அதிகாரத்தின் பக்க எண்ணை 1 என்று நாமே கொடுத்துவிட வேண்டும். பிடிஎஃப் எடுக்கும்போதும் மூலக் கோப்பை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து எடுக்க வேண்டும். இந்த இரண்டு சிறு தொல்லைகளையும் நான் மனமுவந்து ஏற்றுக்கொள்கிறேன்.

இந்த வசதிக்கு ஒரு கூர்மையான மறுபக்கம் உண்டு. மூடியிருக்கும் அதிகாரங்களை சிங்க்ரனைஸ் செய்தால், இன்டிசைன் அவற்றைத் திறந்து, மாற்றி, சேமித்து, மூடிவிடும். அதன்பின் ‘அன்டூ’ கிடையாது. நான்காம் தொகுதியில் உடன் பணிபுரிபவர் ஒருவர், ஓர் அதிகாரம் ஒரு பக்கம் நீண்டுவிட்டதால், உரை ஸ்டைலின் வரி இடைவெளியை அந்தக் கோப்புக்குள் மட்டும் கொஞ்சம் குறைத்திருந்தார். அதை அறியாமல் நான் சிங்க்ரனைஸ் கொடுத்தேன். இடைவெளி பழையபடி ஆனது, அதிகாரம் மீண்டும் ஒரு பக்கம் நீண்டது, அடுத்து வந்த அதிகாரங்களின் பக்க எண்கள் எல்லாம் நகர்ந்தன. பொருளடக்கம் தயாரான பின்பு நடந்ததால் அதையும் திரும்பச் செய்ய வேண்டியதாயிற்று. இப்போது விதிவிலக்கு வேண்டுமென்றால் மூல ஸ்டைலைத் தொடாமல், அதை அடிப்படையாகக் கொண்டு ‘உரை_நெருக்கம்’ என்று தனிப் பெயரில் ஒரு ஸ்டைலை உருவாக்குகிறோம். அந்தப் பெயர் மூலத்தில் இல்லாததால் சிங்க்ரனைஸ் அதைத் தொடுவதில்லை.

தமிழில் வேலை செய்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எழுத்துகளைக் கோக்கும் ‘கம்போசர்’ எது என்பதும் பத்தி ஸ்டைலுக்குள்தான் சேமிக்கப்படுகிறது. தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்ட்-ரெடி கம்போசர் இல்லாமல் உருவாக்கப்பட்ட ஒரு பட்டியல் ஸ்டைல் மூலக் கோப்புக்குள் நுழைந்து, 12 அதிகாரங்களுக்கும் பரவியது. ‘கெ’, ‘பொ’ போன்ற எழுத்துகளில் கொம்பு முன்னால் வராமல் மெய்யெழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. மூலத்தில் அந்த ஒரு தேர்வைத் திருத்தி மறுபடி சிங்க்ரனைஸ் கொடுத்ததும் பன்னிரண்டும் ஒருசேரச் சரியாயின. பிழை பரவிய அதே வழியில் திருத்தமும் பரவும் என்பதை அன்று கண்ணால் பார்த்தேன்.

மாஸ்டர் பக்கங்களை (பல பக்கங்களுக்குப் பொதுவான அச்சுப் பக்கங்கள்; புதிய பதிப்புகளில் ‘பேரன்ட்’ பக்கங்கள்) மட்டும் தொடக்கத்திலேயே ஒரு முறை சிங்க்ரனைஸ் செய்துவிட்டு, பிறகு அந்தத் தேர்வை எடுத்துவிடுவது நல்லது. ஆவணப் பக்கத்தில் நாம் மாற்றியமைத்த மாஸ்டர் உறுப்புகள், மறுபடி சிங்க்ரனைஸ் செய்தால் மாஸ்டரிலிருந்து பிரிந்துவிடும். பின்னால் மாஸ்டரில் செய்யும் மாற்றம் அவற்றைச் சென்றடையாது.

ஸ்டைல்களைவிட எனக்கு அதிகக் கவலை தந்தவை படங்கள். லிங்க் செய்த, அதாவது ஆவணத்துக்குள் சேராமல் வெளிக் கோப்பாகவே இருந்து இணைக்கப்பட்ட, ஒரு படம் மாறினால், அதைப் பயன்படுத்தும் ஆவணத்தைத் திறக்கும்போது லிங்க்ஸ் பலகத்தில் மஞ்சள் முக்கோணம் தெரியும். படம் இருந்த இடத்தில் இல்லையென்றால் சிவப்புக் கேள்விக்குறி தெரியும். மூன்றாம் தொகுதிக்காக ஒரு குறுக்குவெட்டு விளக்கப்படத்தில் பெயர்க்குறிகளை நீக்கிவிட்டு, அதே பெயரிலேயே சேமித்தோம். சில மாதங்கள் கழித்து ஐந்தாம் தொகுதியை மறுபதிப்புக்காகத் திறந்தபோது மஞ்சள் முக்கோணம் காட்டியது. வழக்கம்போல எல்லாவற்றையும் புதுப்பித்துவிட்டோம். மெய்ப்புப் பார்த்து முடித்திருந்த அந்தப் பக்கத்தில், ‘படத்தில் அ என்று குறிக்கப்பட்ட பகுதி’ என்று உரை சொல்ல, படத்தில் ‘அ’ இல்லை. மெய்ப்பாளர் கண்ணில் பட்டதால் பிழைத்தோம். பொதுக் கோப்புறையில் உள்ள எந்தப் படத்தையும் அதே பெயரில் மாற்றிச் சேமிப்பதில்லை என்பது அதிலிருந்து எங்கள் உறுதியான நடைமுறை. உண்மையான பிழைத்திருத்தம் என்றால் மட்டுமே பழைய பெயர்; ஒரு தொகுதிக்கான வடிவமாற்றம் என்றால் புதுப் பெயர்.

அச்சுக்கு அனுப்பும்போது எடுக்கும் ‘பேக்கேஜ்’ இன்னொரு பொறி. அது ஆவணத்தையும் படங்களையும் எழுத்துருக்களையும் ஒரு தனிக் கோப்புறைக்குள் பிரதியெடுக்கிறது. அந்தப் பிரதியில் உள்ள ஆவணம் தன் பக்கத்திலுள்ள படங்களையே பார்க்கும், பொதுக் கோப்புறையைப் பார்க்காது. கடைசி நேரத் திருத்தத்தை பேக்கேஜ் கோப்புறையில் செய்துவிட்டு மூலத்தில் செய்ய மறந்தால், அடுத்த பதிப்பில் பழைய பிழை திரும்பி வரும். பேக்கேஜ் எடுத்ததும் அதை வாசிக்க மட்டும் என்று பூட்டிவிடுவதே என் வழக்கம்.

படங்களையும் ஸ்டைல்களையும் இணையவழியே பகிர்ந்துகொள்ள அடோபி தரும் கிரியேட்டிவ் கிளவுட் லைப்ரரியையும் ஓராண்டு பயன்படுத்தினேன். அதிலிருந்து வைத்த படங்கள் லைப்ரரியோடு இணைப்பில் இருந்ததால் சின்னங்களுக்கு மிகவும் உதவியது. ஆனால் அதிலிருந்து எடுத்த பத்தி ஸ்டைல், ஆவணத்துக்குள் வந்ததும் தனிப் பிரதியாகிவிடுகிறது. லைப்ரரியில் பின்னர் மாற்றினாலும் ஆவணம் மாறாது. ஆகவே ஸ்டைல்களுக்கு மூலக் கோப்பையே நம்புகிறேன்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு குறை தீரவில்லை. ஆவணத்திலிருந்து படத்தைத் தேட வழி உண்டு; ஒரு படத்தை எந்தெந்தத் தொகுதிகள் பயன்படுத்துகின்றன என்று படத்திலிருந்து கேட்பதற்கு இன்டிசைனில் நேர்வழி இல்லை; மூடியிருக்கும் கோப்புக்குத் தன் படம் மாறியதே தெரியாது. அதனால் ஒரு விரிதாளில் படத்தின் பெயர், தொகுதி, பக்கம் மூன்றையும் எழுதி வைக்கிறோம். புதிய படம் வைக்கும்போதே ஒரு வரி சேர்ப்பது, பொதுப் படத்தைத் தொடும்முன் அந்தப் பெயரைத் தேடிப் பார்ப்பது என்ற இரண்டையும் புதிதாகச் சேருபவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுகிறேன்.