மின்கம்பத்து நோட்டீசை நம்பி மூலத்துக்கு ஊசி போடப் போகாதீர்கள்

இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்தக் கூச்சத்தால்தான் நான் ஏமாந்தேன், அதனால் எழுதுகிறேன். யாழ்ப்பாணத்துப் பெண்கள் முக்கியமாக வாசியுங்கள்.

நான் வீட்டிலிருந்து தைப்பவள். கலியாண மாதங்களில் சாறி பிளவுஸ் குவிந்துவிடும், காலையில் மெஷினில் இருந்தால் மத்தியானம் வரை எழும்பமாட்டேன், தண்ணீரும் குடிக்கமாட்டேன். இரண்டாவது பிள்ளை பிறந்ததிலிருந்தே மலச்சிக்கல் இருந்தது. இந்த வருடம் கழிப்பறைக்குப் போனால் கண்ணாடித் துண்டால் கீறியதுபோல வலி, பிறகு ஒரு மணித்தியாலமாவது எரியும், துடைத்தால் கோடு மாதிரிச் சிவப்பு. மூலம் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். பெரியாஸ்பத்திரிக்குப் போனால் ஆண் டொக்டர் பார்ப்பார், கூட நாலு மாணவர்கள் நிற்பார்கள் என்ற பயம்.

அப்போதுதான் சந்தைக்குப் போகும் வழியில் மின்கம்பத்தில் அந்த நோட்டீஸ். மூலம், பௌத்திரம் (ஆசனவாய்க்குப் பக்கத்தில் சீழ் வடியும் துளை), ஆசனவாய் வெடிப்பு எல்லாவற்றுக்கும் கத்தியில்லை, ஒரே ஊசி, பெண்களுக்குப் பெண்ணே பார்ப்பார். அந்தக் கடைசி வரிதான் என்னை விழுத்தியது.

ஒழுங்கைக்குள் ஒரு வீடு. முன் அறையில் இருந்த அம்மா எனக்கு எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது என்று ஒன்றும் கேட்கவில்லை. டோர்ச் அடித்துப் பார்த்து ஒரு நிமிடத்தில் "பிள்ளை, மூன்றாம் கட்டம், இப்படியே விட்டால் வெட்டத்தான் வேணும், வெட்டினால் பிறகு மலத்தை அடக்கேலாது" என்றார். நான் நடுங்கிப்போனேன். மூன்று ஊசி, 45,000 ரூபா. சீட்டுக் காசு எடுத்துக் கொடுத்தேன். ஊசி போடுகிற நேரம் உள்ளே வந்தது ஒரு ஆண்! "இவர்தான் பெரியவர், திரும்பிப் படு பிள்ளை" என்றார் அம்மா. எழும்பி ஓடியிருக்கவேண்டும், ஓடவில்லை. மருந்து இருந்தது பழைய இருமல் பாணிப் போத்தலில், லேபலைச் சுரண்டிய பசை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. காசுக்குத் தந்த துண்டில் "மூலிகைக் கட்டணம்" என்று மட்டும், பெயருமில்லை, பதிவு இலக்கமுமில்லை.

முதல் ஊசிக்கே அலறிவிட்டேன். "மருந்து பிடிக்குது" என்றார்கள். இரண்டாவது ஊசி போட்டு மூன்றாம் நாள் குளிர்காய்ச்சல், இருக்கவும் முடியாது, படுக்கவும் முடியாது. அவர்களுக்கு அழைத்தால் மஞ்சள் பூசச் சொன்னார்கள், அடுத்த முறை எடுக்கவேயில்லை. இரவு பத்து மணிக்கு இவர் ஓட்டோ பிடித்து பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். சீழ் கட்டியிருந்தது, விடிய முன்னமே தியேட்டரில் மயக்கிக் கீறி எடுத்தார்கள். ஐந்து நாள் வார்டில். அங்கே ஒரு சதமும் கேட்கவில்லை. இன்னொன்று, நான் பயந்தேனே, டொக்டர் பார்த்த நேரமெல்லாம் திரையை இழுத்துவிட்டு ஒரு மிசி (தாதி) என் தலைமாட்டில் நின்றார்.

கிளினிக்கில் டொக்டர் என் கொப்பியின் பின்பக்கத்தில் படம் கீறிக் காட்டினார். "தங்கச்சி, உங்களுக்கு மூலமே இல்லை, இது வெடிப்பு. உள்மூலம் பெரும்பாலும் நோகாமல் இரத்தம் போகும், வெடிப்புத்தான் இப்படி வெட்டும்." மூலத்துக்கு ஊசி என்பது உண்மையான சிகிச்சைதானாம், பாதாம் எண்ணெயில் கலந்த பீனோலை உள்மூலத்தின் அடியில் போடுவார்கள், அந்த இடத்தில் நோவு பெரிதாகத் தெரியாது. எனக்குப் போட்டது வெளித்தோலுக்குக் கிட்ட, அதுவும் என்ன மருந்தென்று ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

உண்மையில் மூலம் என்றாலும் ஆரம்பத்தில் நார்ச்சத்தும் தண்ணீரும், முக்காமல் இருப்பதும், மலத்தை இளக்கும் ஈசப்புக்கோல் உமியும் போதும் என்றார். அதற்குக் கேட்காவிட்டால் மூலத்தின் அடியில் ரப்பர் வளையம் போடுவார்கள், மயக்கமில்லை, அன்றே வீட்டுக்குப் போகலாம், சில நாளில் அது காய்ந்து தானாக விழும். வெளியே தள்ளி உள்ளே போகாத நிலைக்குத்தான் வெட்டுவது. அந்தப் புண் ஆறச் சில கிழமை எடுக்கும், நோவும் இருக்கும்.

எனக்குத் தந்தது டில்டியாசெம் களிம்பு, மலத்தை இளக்கும் பாணி, நாளுக்கு மூன்று தரம் வெதுவெதுப்பான தண்ணீரில் இருப்பது. அதற்கென்று ஒரு நீலப் பேசின் வாங்கினேன், மகள் அதில் பொம்மையைக் குளிப்பாட்டப் பார்த்தாள், ஒளித்துவைக்க வேண்டியதாய்ப் போயிற்று. காலையில் குரக்கன் பிட்டு, மத்தியானம் முருங்கையிலை. ஏழு கிழமையில் வெடிப்பு ஆறியது. ஆறாவிட்டால் ஆசனவாயின் உள்தசையில் சிறிதாக வெட்டும் சத்திரசிகிச்சை இருக்கிறது, அதில் சிலருக்குக் காற்றை அடக்க முடியாமல் போகக்கூடும் என்று டொக்டரே சொன்னார். அந்த அம்மா சொன்ன பயமுறுத்தலுக்கு இதுதான் அடிப்படை போல, ஊதிப் பெருப்பித்திருக்கிறார். சீழ் கட்டிய இடத்தில் பௌத்திரம் வரலாம் என்று இன்னும் கிளினிக் வரச் சொல்கிறார்கள், அது அந்த ஒழுங்கை வீட்டு ஊசி தந்த சீதனம்.

சித்த வைத்தியத்தைக் குறை சொல்வதாக நினைக்கவேண்டாம். கைதடியில் அரச சித்த வைத்தியசாலை இருக்கிறது, பௌத்திரத்துக்குக் காரநூல் (கார மருந்து பூசிய நூல்) கட்டுவது படித்தவர்கள் செய்கிற சிகிச்சை. யாராக இருந்தாலும் ஊசிக்கு முன் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள், ஆங்கில வைத்தியருக்கு இலங்கை மருத்துவ சபை, சித்த, ஆயுர்வேத வைத்தியருக்கு ஆயுர்வேத மருத்துவ சபை. கேட்டதும் முகம் மாறினால் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வாருங்கள். இரத்தம் போகிறது என்றால், அதுவும் நாற்பது தாண்டியவர்கள், மூலம் என்று தாங்களே முடிவு கட்டவேண்டாம், பெருங்குடல் புற்றுநோயிலும் இரத்தம் போகும்.

முறைப்பாடு கொடுக்கப் போனேன், என்னிடம் இருக்கும் ஒரே ஆதாரம் அந்தப் பெயரில்லாத துண்டுதான். அந்த வீட்டில் இப்போது வேறு ஆட்கள். போன கிழமை அதே நோட்டீஸ், தொலைபேசி இலக்கம் மட்டும் மாற்றி, வேறு ஒழுங்கை முகப்பில் ஒட்டியிருக்கக் கண்டேன். உங்களில் யாராவது "மூலிகைக் கட்டணம்" என்று எழுதிய துண்டு வைத்திருந்தால் எறியாதீர்கள், உள்பெட்டியில் எழுதுங்கள். பெயர் வெளியே வராது.