நர்சிங் மாணவர்களின் டிஜிட்டல் திறன்: படிவம் கொடுப்பதா, வேலை கொடுத்துப் பார்ப்பதா?

மின்னணு நோயாளிப் பதிவேட்டில் நர்சிங் மாணவர்கள் எவ்வளவு தேறியிருக்கிறார்கள் என்று அளக்க இரண்டு வழி. அவர்களையே தங்களுக்கு மதிப்பெண் போடச் சொல்லும் படிவம் ஒன்று. பயிற்சிப் பதிவேட்டில் ஒரு கற்பனை நோயாளியைக் கொடுத்து வேலை வாங்கிப் பார்ப்பது இன்னொன்று. நான் இரண்டாவதை எடுத்தேன், யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

படிவம் மலிவு, சீக்கிரம் முடியும், சரி. ஆனால் எந்தப் படிவம்? 2006-இல் வந்த இ-ஹீல்ஸ் (eHEALS) என்ற படிவத்தில் எட்டே கேள்வி, மதிப்பெண் 8 முதல் 40 வரை, சுருக்கமாக இருக்கிறதே என்று பலரும் அதை எடுத்துவிடுகிறார்கள். அது கேட்பது இணையத்தில் உடல்நலத் தகவல் தேடுவதைப் பற்றி. பதிவேட்டைப் பற்றி ஒன்றுமே இல்லை. படிவம்தான் வேண்டுமென்றால் நர்சிங்குக்கென்றே செய்த, 30 கேள்விகள் கொண்ட சானிக்ஸ் (SANICS) படிவம் தேவலை.

பயிற்சிக்கு முன், பின் என்று ஒப்பிடும்போதுதான் படிவம் காலை வாருகிறது. போனில் எல்லாம் செய்கிற மாணவி, பதிவேட்டைத் திறந்தே பார்க்காமல் முதல் நாள் தனக்கு 5-க்கு 4 போடுவாள். ஒவ்வாமையைக் குறிக்கும் இடம் வேறு, குறிப்பு எழுதும் இடம் வேறு, வேறொரு நோயாளியின் பக்கத்தில் மருந்தைப் பதிந்துவிட்டால் சும்மா அழித்துவிட முடியாது, திருத்தியதற்கும் தடம் நிற்கும் என்றெல்லாம் தெரிந்தபிறகு அதே மாணவி 3 போடுவாள். திறன் ஏறியிருக்கிறது, மதிப்பெண் இறங்கியிருக்கிறது! பயிற்சி முடிந்தபின் ‘முன்பு உங்கள் நிலை என்ன’ என்று திரும்பக் கேட்டு ஓரளவு சரிக்கட்டலாம், அப்போதும் நினைவை நம்பித்தான் ஆக வேண்டும். செய்முறையில் இந்த வம்பே இல்லை: பென்சிலின் ஒவ்வாமை உரிய இடத்தில் பதிவானதா, இல்லையா, அவ்வளவுதான்.

வேலை அதிகம்தான். ஓப்பன்எம்ஆர்எஸ் (OpenMRS) போன்ற திறந்த மூலப் பதிவேட்டு மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் கிடையாது, ஆனால் ஒவ்வொரு குழுவுக்கும் தரவைப் பழையபடி ஆக்கி, நோயாளியின் கதையையும் மாற்றி எழுத வேண்டும், இல்லாவிட்டால் விடை அடுத்த குழுவுக்குப் போய்விடும். நான் சிறிய வகுப்புகளில்தான் செய்திருக்கிறேன்; பெரிய வகுப்புக்குத் தாங்குமா என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

அப்புறம், பயமும் தயக்கமும் கேட்டால்தான் தெரியும். அதற்கு மட்டும் செய்முறை முடிந்த கையோடு சில கேள்விகள் வைக்கிறேன். சரியாகச் செய்தும் ‘பயமாக இருந்தது’ என்று எழுதுகிறவர்களுக்குப் பெரும்பாலும் கூடுதல் பழக்கமே போதும். தவறாகப் பதிந்துவிட்டு ‘எளிதாக இருந்தது’ என்று எழுதுகிறவர்களோடுதான் நான் முதலில் உட்காருகிறேன்.