சால்வென்ட்டா, தண்ணீரா: ஃபிளெக்ஸோ பிளேட் கழுவ எது தேவலை?

லேபிள், பேக்கிங் அச்சடிக்கும் ஃபிளெக்ஸோ முறையில் பிளேட் என்பது ரப்பர் போல வளையும் பாலிமர் தகடு. அச்சாக வேண்டிய இடத்தை வெளிச்சத்தால் இறுக வைத்து, இறுகாத பாலிமரை வெளியேற்றுவதைத்தான் கழுவுவது என்கிறோம். அதற்கு மூன்று வழி இருக்கிறது: சால்வென்ட் (பாலிமரைக் கரைக்கும் ரசாயனத் திரவம்), தண்ணீர், சூடு. எங்கள் பிளேட் அறையில் வெகுகாலம் ஓடியது சால்வென்ட். இப்போது தண்ணீர். திரும்பிப் போகும் எண்ணம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுநிலையான தீர்ப்பு வேண்டுபவர்கள் இதைக் கொஞ்சம் கழித்துக்கொண்டு படிக்கவும்.

கழுவுவதற்கு முந்தைய வேலைகளில் பெரிய வித்தியாசம் கிடையாது. முதுகுப் பக்கம் யூவி காட்டி அடித்தளம் கட்டுவது, மேலே உள்ள கறுப்புப் படலத்தை அச்சாக வேண்டிய இடத்தில் மட்டும் லேசரால் எரித்து எடுப்பது, 365 நானோமீட்டரை ஒட்டிய யூவி-ஏ வெளிச்சத்தில் மெயின் எக்ஸ்போஷர் கொடுப்பது எல்லாம் ஒன்றுதான். கடைசியில் பிசுபிசுப்பை எடுக்க 254 நானோமீட்டர் யூவி-சி காட்டுவதும் பொது. வெளிச்சம் பட்ட இடம் இறுகும். படாத இடத்தை எதைக் கொண்டு வெளியேற்றுவது என்பதில்தான் வழி பிரிகிறது.

சால்வென்ட்டின் நெடி, காற்றோட்டம், தீப் பாதுகாப்பு எல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. அழுக்கான சால்வென்ட்டைக் காய்ச்சி வடித்து மறுபடி பயன்படுத்தலாம் என்பது அதன் பக்கம் உள்ள நியாயம். பிளேட் வகைகளும் அதற்குத்தான் அதிகம். சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் முடிவைத் தீர்மானித்தது காயும் நேரம்.

சால்வென்ட் வேண்டாத பாலிமரைக் கரைப்பதோடு நிற்பதில்லை. இறுகிய பாலிமருக்குள்ளும் புகுந்து ஊறிவிடும். கழுவி எடுத்த பிளேட் உப்பிப் போயிருக்கும். அதை 60 டிகிரி செல்சியஸ் டிரையரில் ஒன்றரை, இரண்டு மணி நேரமாவது வைத்தாக வேண்டும். தடிமன் கூடினால் நேரமும் கூடும். வெளியே எடுத்ததும் மாட்டிவிட முடியாது. உள்ளே மிச்சமிருப்பதும் வெளியேறி, பிளேட் பழைய தடிமனுக்குத் திரும்ப, ராத்திரி முழுக்கக் கிடக்க விடுவதுதான் முறை. அவசரம் என்று சூட்டைக் கூட்டவும் வழியில்லை. அடியில் இருப்பது பாலியெஸ்டர் ஷீட். அளவு மீறிச் சூடானால் அது சுருங்க ஆரம்பிக்கும். அப்புறம் மற்ற கலரோடு ரெஜிஸ்டர் சேராது, அதாவது கலர்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராது.

அரைகுறையாகக் காய்ந்த பிளேட் கண்ணுக்கு நன்றாகத்தான் தெரியும். மைக்ரோமீட்டரை வைத்தால்தான் குட்டு வெளிப்படும். நான்கு மூலையையும் நடுவையும் அளந்து பாருங்கள். 1.14 மி.மீ. பிளேட்டில் ஒரு மூலை 0.03 மி.மீ. தூக்கலாக இருந்தாலே போதும். அந்த மூலை முதலில் தொடும், மற்ற இடம் வெளுக்கும். வெளுத்ததைப் பிடிக்க ஆபரேட்டர் பிரஷரைக் கூட்டுவார். தூக்கலான மூலையில் டாட், அதாவது படத்தை உருவாக்கும் புள்ளி, நசுங்கிப் பெருக்கும், சின்ன எழுத்துகளின் சுழி அடைத்துக்கொள்ளும். பழி என்னவோ மையின் மேல்தான் விழும்.

முழு செட்டும் முந்தின நாளே தயாராகிவிட்டால் இது ஒரு பிரச்சினையே இல்லை. ஓட்டத்தின் நடுவில் ஒரு கலர் பிளேட் மட்டும் வெட்டுப்பட்டுப் போகும்போதுதான் கழுத்தைப் பிடிக்கும். மூன்று கலர் மெஷினில் ஏறி நிற்க, நான்காவது டிரையரில் கிடக்கும். காத்திருந்தால் பிரஸ் சும்மா நிற்கும். காத்திருக்காமல் மாட்டினால் புது பிளேட் மற்ற மூன்றைவிடத் தடிமனாக இருக்கும். லேபிள் மாதிரி சின்னச் சின்ன ஆர்டர் ஓட்டும் இடத்தில் இது அடிக்கடி வரும் தொல்லை.

தண்ணீரில் கழுவும் பிளேட் தண்ணீரை அவ்வளவாக உறிஞ்சாது. 40, 50 டிகிரி சூட்டில் சோப்புத் தண்ணீரும் பிரஷும் சேர்ந்து இறுகாத பகுதியைத் தேய்த்து எடுக்கும். காய வேண்டியது மேல் ஈரம் மட்டும் என்பதால் டிரையரில் நிமிடக் கணக்குதான். எக்ஸ்போஷர் எல்லாம் சேர்த்தே ஒரு மணி நேரத்தை ஒட்டி பிளேட் கைக்கு வந்துவிடும். கழுவும் முன்னும் பின்னும் தடிமன் ஏறக்குறைய ஒன்றே. நடுவில் மாற்றும் பிளேட் மற்றவற்றோடு பொருந்திப் போவது இதனால்தான்.

தலைவலியே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். பாலிமர் இங்கே கரைவதில்லை, தூளாக மிதக்கிறது. தொட்டியில் சேரச் சேர அதே தூள் பிளேட்டின் மேல் திரும்ப ஒட்டும். கழுவி முடித்த கையோடு நல்ல தண்ணீர் தெளித்து ஒற்றி எடுக்க வேண்டும். காயவிட்டுவிட்டால் ஒட்டியது ஒட்டியதுதான். மையின் நடுவே வெறுமையாகத் தெரிய வேண்டிய ரிவர்ஸ் எழுத்துக்குள் உட்கார்ந்த ஒரு துணுக்கு, அச்சில் மைப் பொட்டாக ஒவ்வொரு லேபிளிலும் வரும். ஃபில்டரையும் பிரஷையும் விடாமல் சுத்தம் செய்ய வேண்டும், அழுக்குத் தண்ணீரை அப்படியே சாக்கடையில் திறந்துவிடவும் கூடாது. ‘தண்ணீர்தானே’ என்று சொல்பவர் அந்த ஃபில்டரைக் கழற்றிப் பார்த்திருக்க மாட்டார்.

மூன்றாவது வழியில் சூடுபட்டு இளகும் பாலிமரைத் துணிச் சுருள் ஒற்றி எடுக்கும். டூபாண்ட் கொண்டுவந்த சைரல் ஃபாஸ்ட் இந்த வகை. கழுவலும் இல்லை, காயவைக்கும் பேச்சும் இல்லை. வேகத்தில் தண்ணீருக்குச் சளைத்ததில்லை. ஒவ்வொரு பிளேட்டுக்கும் துணி செலவாகும், பாலிமர் தோய்ந்த அந்தத் துணியை அப்புறப்படுத்தும் வேலையும் உண்டு. அந்த மெஷின் ஓடப் பார்த்திருக்கிறேன், ஓட்டியதில்லை. அதனால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எங்கள் வேலை 1.14, 1.70 மி.மீ. பிளேட்டில், தண்ணீர் மையிலும் யூவி மையிலும். அட்டைப்பெட்டிக்கு 3.94 மி.மீ. பிளேட் ஓட்டுபவர்களுக்கு என் அனுபவம் அவ்வளவாக உதவாது. சால்வென்ட் மை ஓட்டுபவர்கள், தண்ணீர் பிளேட்டுக்கு மாறும் முன் அதில் ஒரு துண்டை வெட்டி 24 மணி நேரம் தங்கள் மையில் ஊறப்போட்டு, முன்னும் பின்னும் தடிமனை அளந்து பார்த்துவிடுங்கள். துண்டு உப்பினால் அந்த வகையை விட்டுவிட்டு வேறு பிளேட்டைக் கேளுங்கள்.