மழலைக்கு ஒரு சீ.ஆர் கொப்பி

பிள்ளைகளுக்கென்று பூப்போட்ட ஆல்பங்கள் கடைகளில் தொங்குகின்றன. முதல் பல், முதல் அடி, முதல் சொல் என்று கட்டம் போட்டு, சொல்லுக்கு ஒரே ஒரு வரி விட்டிருப்பார்கள். பேச்சில் ஆசையுள்ள தாய் தகப்பனுக்கு அது ஒரு நாளுக்கே காணாது. இலங்கை மலைநாட்டில், அட்டனிலோ பண்டாரவளையிலோ, புத்தகக் கடையில் 160 பக்கச் சீ.ஆர் கொப்பி (கெட்டி அட்டை போட்ட பெரிய கொப்பி) ஒன்று வாங்குவதே மேல்.

வாங்கும்போது தையலைப் பாருங்கள். ஆங்காங்கே விரித்தால் தாள்களுக்கு நடுவே நூல் தெரிய வேண்டும். கம்பிப் பின் அடித்த கொப்பி மலைநாட்டு ஈரத்துக்குத் தாங்காது. கம்பி துருப்பிடித்து நடுத்தாள் கழன்று கையோடு வரும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மழை மாதங்களில் அலுமாரிக்குள் வைத்த தாளே தொய்ந்து கிடக்கும். ஜெல் பேனை வேண்டாம், பலவற்றின் எழுத்து ஒரு சொட்டுத் தண்ணீரில் கரைந்துவிடும். போல்பொயின்ட் மையில் எண்ணெய் இருப்பதால் நிற்கும். பொலித்தீன் உறையும் வேண்டாம். ஈரம் உள்ளே அடைபட்டு அட்டை பூஞ்சணம் பிடிக்கும். பிரவுண் தாள் போதும்.

எழுதும் முறையில்தான் கொப்பியின் பலன் இருக்கிறது. இடப்பக்கத்தில் திகதி, பிள்ளையின் வயது (வருடமும் மாதமும்), சொன்னது சொன்னபடியே. வலப்பக்கத்தில் சொல்ல வந்தது என்ன, அப்போது என்ன நடந்தது. "அம்மா கொழந்த எடுக்கப் போயிருக்கு" என்று இடப்பக்கம் மட்டும் இருந்தால், பத்து வருடம் கழித்து வாசிப்பவர் வீட்டில் தம்பி பிறந்த கதை என்றே நினைப்பார். வலப்பக்கத்தில் தேயிலைக் 'கொழுந்து' என்று ஒரு சொல் இருந்தால்தான் சிரிப்பு வரும். "அப்பா பராட்டாவுக்குப் போனாரு" என்பதும் அப்படித்தான்: போனது பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம்), பிள்ளை பார்த்துக்கொண்டிருப்பது சுடச்சுட வரப்போகும் பார்சலை.

அதிகம் கெட்டுப்போவது ழகரத்தில். "மலை பெய்யுது" என்று பிள்ளை சொன்னால், பெரியவர் கை தானாக 'மழை' என்று எழுதிவிடும். திருத்தக் கூடாது. நாக்கு ழகரத்துக்குப் பழகாத வயதில் மழையும் மலைதான். பழகிய புதிதிலோ அது தேவையில்லாத இடத்திலும் ஏறி உட்காரும்: "அம்மா மழைக்குப் போயிட்டாங்க." இரண்டும் திகதியோடு இருந்தால் பிள்ளை எப்போது படி ஏறியது என்று தெரியும். கடைசிப் பத்துப் பக்கத்தை எழுத்து இடம் மாறிய சொற்களுக்கு ஒதுக்கலாம். தசையைச் சதையாகவும் விசிறியைச் சிவிறியாகவும் ஏற்றுக்கொண்ட மொழிதானே, குதிரையைச் சொல்லும் 'குருதை'க்கும் ஒரு பக்கம் கொடுப்போம்.

குறைகளும் உண்டு. பக்க எண் அச்சிட்டிருக்காது, நாமே போட வேண்டும். கைப்பைக்குள் அடங்காது, பிள்ளையோ பஸ்ஸிலும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையிலும்தான் நல்லதாக எதையாவது சொல்லும். பஸ் டிக்கெட்டின் பின்புறத்தில் குறித்து அன்றிரவே கொப்பியில் ஏற்றுங்கள். மறுநாளானால் பாதிச் சொல் நம்முடையதாகிவிடும். இழுத்துப் பேசும் ராகமும் தாளில் ஏறாது. அதற்குப் போனில் பதியலாம்தான், ஆனால் போனைக் கண்டதும் வாயை மூடிக்கொள்ளும் பிள்ளைகள் அதிகம்.

இரண்டாவது பிள்ளைக்குப் பழைய கொப்பியின் மிச்சத்தைக் கொடுக்காதீர்கள், யார் சொன்னது என்று பிறகு வீட்டில் சண்டை வரும். தனிக் கொப்பி வாங்குங்கள்.