ஒன்பது வரிக்கு மூன்று யுவான்: ‘ஷென்சென் ஐ/ஓ’ விளையாட்டு எப்படி?

ஸ்டார்ட்அப் நடத்திப் பார்க்கலாம் என்று நினைத்து ‘ஷென்சென் ஐ/ஓ’வை வாங்கினால் ஏமாற்றம்தான். முதலீடு திரட்டுவது, ஆள் எடுப்பது, பங்கு விற்பது எதுவும் இதில் கிடையாது. ஒரு மின்னணுப் பொருளின் அடக்க விலை எந்த இடத்தில் ஏறுகிறது, எந்த இடத்தில் இறங்குகிறது என்பதைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டுமா? அதற்கு இது நல்ல பயிற்சிக்களம். ஸாக்ட்ரானிக்ஸ் என்ற விளையாட்டு நிறுவனம் 2016இல் வெளியிட்டது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

சீனாவின் ஷென்சென் நகரில் லோங்டெங் எலெக்ட்ரானிக்ஸ் என்றொரு கற்பனை நிறுவனம். அங்கே நீங்கள் பொறியாளர். மின்னஞ்சலில் வேலை வரும். சின்ன போர்டில் சிப்களை வைத்து, வயர் இழுத்து, அசெம்பிளி (சிப்புக்கு ஒவ்வொரு சின்ன வேலையையும் தனிக் கட்டளையாகச் சொல்லும் மொழி) போன்ற குறுமொழியில் நிரல் எழுதி, வாடிக்கையாளர் கேட்ட சிக்னலை வரவழைக்க வேண்டும். முதல் வேலையே போலிக் கண்காணிப்பு கேமரா: படம் எடுக்காது, விளக்கு மட்டும் மினுக்கும். ஷென்சென் சந்தையின் மலிவு, போலி மின்னணுப் பொருள்களைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு அங்கேயே சிரிப்பு வந்துவிடும்.

வேலை முடிந்ததும் மூன்று மதிப்பெண்கள் வரும்: தயாரிப்புச் செலவு, மின் செலவு, நிரல் வரிகளின் எண்ணிக்கை. மூன்றையும் கூட்டி ஒரே எண்ணாகத் தருவதில்லை. மற்ற ஆட்டக்காரர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று மூன்று தனித்தனி வரைபடங்கள் காட்டும். விளையாட்டின் உயிர் இந்தப் பிரிவினையில்தான் இருக்கிறது, ஏனென்றால் ஒன்றைக் குறைத்தால் இன்னொன்று பெரும்பாலும் ஏறும்.

விலைப்பட்டியலை முதலில் மனப்பாடம் செய்துவிடுங்கள். எம்சி4000 கன்ட்ரோலர் (நிரலை ஓட்டும் சிப்) 3 யுவான். 9 வரி எழுதலாம், கணக்குப் போட ஏசிசி என்ற ஒரே பதிவகம், அதாவது ஓர் எண்ணை வைத்துக்கொள்ளும் இடம். எம்சி6000 5 யுவான். 14 வரி, கூடுதலாக டாட் என்ற பதிவகம். நினைவகச் சிப் 2 யுவான், அதில் 14 எண்கள் வைக்கலாம். உள்ளீட்டுச் சிக்னல்களைப் பார்த்து ஆம், இல்லை என்று மட்டும் சொல்லும் லாஜிக் கேட் ஒவ்வொன்றும் 1 யுவான். கூடுதல் பின்கள் (வயர் சேரும் முனைகள்) தரும் டிஎக்ஸ்300 விரிவாக்கியும் 1 யுவான்தான்.

இதிலிருந்து வரும் கணக்கு எளிது, ஆனால் பலர் தவறவிடுவது. இரண்டு எம்சி4000 வாங்கினால் 6 யுவானுக்கு 18 வரி கிடைக்கிறதே என்று தோன்றும். ஆனால் ஒன்று சொல்வதை மற்றது கேட்க, இந்தப் பக்கம் ஒரு மூவ் (மதிப்பை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தும் கட்டளை), அந்தப் பக்கம் ஒரு மூவ் வேண்டும். ஒரே ஒரு தகவல் போவதற்கே இரண்டு வரி போய் 16 ஆகிவிடும். தகவல் போய் வரவேண்டும் என்றால் 14தான் மிச்சம். அதே 14 வரியை எம்சி6000 5 யுவானுக்கே தருகிறது. ஆகவே சிப்கள் ஒன்றோடொன்று பேசுவதைக் குறைப்பதுதான் செலவைக் குறைக்கும் முதல் வழி. அதேபோல் 10, 11 வரியில் நிற்கும் நிரலை எப்படியாவது 9க்குள் அடைத்தால் 2 யுவான் மிச்சம். டாட் பதிவகம் இல்லாமல் போவதுதான் அங்கே இடிக்கும். ஏசிசியில் மூன்று இலக்கம் இருப்பதை அப்போது பயன்படுத்துங்கள்: டிஜிடி என்ற கட்டளை ஓர் இலக்கத்தைப் பிரித்துத் தரும், டிஎஸ்டி என்ற கட்டளை ஓர் இலக்கத்தை மட்டும் மாற்றி எழுதும். ஒன்பதைத் தாண்டாத மூன்று எண்ணிக்கைகளை ஒரே பதிவகத்தில் வைத்துக்கொள்ளலாம்.

மின் செலவின் விதி இன்னும் நேரடியானது. ஓடும் ஒவ்வொரு கட்டளைக்கும் ஓர் அலகு. சிக்னலை இரட்டிப்பாக்கும் ஆம்ப்ளிஃபயரை எடுத்துக்கொள்ளுங்கள்: மூவ் பி0 ஏசிசி (பி0 பின்னில் உள்ளதை எடு), மல் 2 (இரண்டால் பெருக்கு), மூவ் ஏசிசி பி1 (பி1 பின்னுக்கு அனுப்பு), எஸ்எல்பி 1 (ஒரு கால அலகு தூங்கு). நான்கு வரி, ஒவ்வொரு கால அலகுக்கும் நான்கு அலகு மின்சாரம். நிரலில் ஒரு சோதனை வைத்தால் அது தேறும்போது + குறியிட்ட வரிகளும் தேறாதபோது - குறியிட்ட வரிகளும் ஓடும்; மற்ற வரி தாண்டப்படும், அதற்குக் கட்டணம் இல்லை. லாஜிக் கேட்டுக்கும் மின் செலவு இல்லை. இரண்டு உள்ளீடும் வந்தால் மட்டும் விளக்கு எரிய வேண்டும் என்றால் அதற்காக ஒரு கன்ட்ரோலரை ஒதுக்குவது வீண்; 1 யுவான் கேட் ஒரு வரிகூட இல்லாமல் அதைச் செய்யும்.

வரி குறைக்க இரண்டு கருவிகள் உண்டு. ஒரு துடிப்பு அனுப்ப மூவ் 100, எஸ்எல்பி, மூவ் 0, எஸ்எல்பி என நான்கு வரி எழுதுவதற்குப் பதில் ஜென் பி1 1 1 என்ற ஒரே வரி போதும். தொடக்க மதிப்பு வைக்க வேண்டியிருந்தால் வரிக்கு முன் @ போடுங்கள். அது ஒரு முறை மட்டுமே ஓடும், அந்த வரியைத் தவிர்த்துத் திரும்பத் தாவல் கட்டளையும், தாவ வேண்டிய இடத்துக்கு அடையாளப் பெயரும் தேவைப்படாது.

இனி எங்கே சிக்கும் என்று பார்ப்போம். சாதாரணப் பின்னில் 0 முதல் 100 வரை மட்டத்தை வைக்கலாம், யாரும் எப்போதும் படிக்கலாம். அதனால்தான் ஆபத்து: ஒரு சிப் எழுதும் அதே கால அலகில் இன்னொன்று படித்தால், பழைய மதிப்பைப் படித்துவிடலாம். சிப்கள் எண்களைப் பரிமாறும் எக்ஸ்பஸ் என்ற வகைப் பின் அப்படியில்லை. கொடுப்பவரும் வாங்குபவரும் சந்திக்கும்வரை இருவரும் நிற்பார்கள். வாங்குபவர் எஸ்எல்பி 5 போட்டுத் தூங்கினால் கொடுப்பவரும் ஐந்து அலகு முடங்குவார், வெளியீடு தள்ளிப்போகும். ‘நிரல் சரிதான், ஆனால் சிக்னல் தாமதமாக வருகிறது’ என்றால் முதலில் இந்த இடத்தைத்தான் தேட வேண்டும். எக்ஸ்பஸ்ஸிலிருந்து மட்டும் உத்தரவு வாங்கி வேலை செய்யும் துணைச் சிப்புக்கு எஸ்எல்பி தேவையே இல்லை. அடுத்த எண் வரும்வரை மூவ் கட்டளையே காத்திருக்கும். ஒரு வரியும் மிச்சம், மின்சாரமும் மிச்சம். ஆனால் சாதாரணப் பின்களை மட்டும் வைத்து ஓடும் நிரலில் எஸ்எல்பி விட்டுப்போனால் காலமே நகராது.

இப்படிக் காத்திருக்க வைக்காத சில எக்ஸ்பஸ் உள்ளீடுகளும் உண்டு; அவற்றில் தகவல் இல்லாதபோது -999 வரும். அதைச் சோதிக்காமல் கூட்டினால் கணக்கு பாழ். பதிவகத்தின் உச்சம் 999. 600உடன் 600 கூட்டினாலும் 999தான். சோதனையின் +, - நிலை நிரல் கடைசி வரியிலிருந்து முதல் வரிக்குத் திரும்பும்போதும் அப்படியே நீடிக்கும். தெரியாதவர்களுக்குத் தலைவலி, தெரிந்தவர்கள் இதை வைத்தே ஒரு வரி மிச்சம் பிடிப்பார்கள்.

முதல் சுற்றிலேயே மலிவாகச் செய்யப் பார்க்காதீர்கள். தாராளமாக எம்சி6000 போட்டு, வரி வீணானாலும் பரவாயில்லை என்று வேலையை முடியுங்கள். பிறகு அதே வேலைக்கு இன்னொரு பிரதி எடுத்து, செலவை மட்டும் குறையுங்கள். மூன்றாவது பிரதியில் மின்சாரம். மூன்றையும் ஒரே வடிவத்தில் சாதிக்க முயல்பவர்கள்தான் பாதியில் விட்டுப்போகிறார்கள்.

குறை சொல்லாமல் இருக்க முடியாது. மலிவாகச் செய்தால் கூடுதல் சம்பளமோ அடுத்த ஆர்டரில் சலுகையோ இல்லை. மதிப்பெண்ணில் அக்கறை இல்லாதவருக்குச் சிக்கனப்படுத்தக் காரணமே இருக்காது. குறிப்புதவி கிடையாது. 30 பக்கத்துக்கு மேற்பட்ட கையேடு பிடிஎஃப் கோப்பாக வருகிறது, ஆங்கிலத்தோடு சீன மொழிப் பக்கங்களும் கலந்தது. அதைப் படிக்காமல் ஓர் அடி நகர முடியாது. கறுப்பு வெள்ளையில் அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்வது உத்தமம். கட்டளைப் பட்டியலையும் சிப் விவரப் பக்கங்களையும் எடுத்தாலே பாதி வேலை ஓடும்.

நிரல் எழுதியே பழக்கமில்லாதவர்கள் இதிலிருந்து தொடங்க வேண்டாம், மூன்றாவது நான்காவது வேலையிலேயே சலித்துவிடும். எம்பெடட் துறையில் (கருவிகளுக்குள் இருக்கும் சிப்களுக்கு நிரல் எழுதும் துறை) இருப்பவர்கள், மைக்ரோகன்ட்ரோலர் படிக்கும் கல்லூரி மாணவர்கள் யோசிக்காமல் வாங்கலாம். உள்ளேயே 40 சீட்டுகள் கொண்ட சாலிடேர் (ஒருவர் மட்டும் ஆடும் சீட்டாட்டம்) ஒன்றும் இருக்கிறது. அதைத் திறந்தால் அன்றைய ஆர்டர் நாளைக்குத்தான்.