64 ஜிபி, 6000 ஸ்பீடுன்னு சொல்லி நாலு ரேம் ஸ்டிக் மாட்டி விடுறாங்க, உஷார் மக்களே

புதுசா பிசி அசெம்பிள் பண்ணப் போறவங்க, முக்கியமா எடிட்டிங்குக்கு நெறைய ரேம் வேணும்னு நினைக்கிறவங்க, இதப் படிச்சிட்டு ஆர்டர் போடுங்க. அசெம்பிள் பண்ணிக் குடுத்தவர் பேர சொல்லல, ஏன்னா இந்த வேலைய அவர் ஒருத்தர் மட்டும் பண்ணல.

நான் கேட்டது டிடிஆர்5 ரேம், 6000 ஸ்பீடு, 32 ஜிபி ஸ்டிக் ரெண்டு, ஒரே கிட் (கம்பெனியே சேத்து டெஸ்ட் பண்ணி ஒரே டப்பாவுல விக்கிற ஜோடி). சாட்ல எழுத்துலயே இருக்கு. வந்தது 16 ஜிபி ஸ்டிக் நாலு. என்னங்க இதுன்னு கேட்டா "சார் எப்படிப் போட்டாலும் 64 தானே, நாலு ஸ்லாட்டும் நெறஞ்சா லைட்டும் செமயா இருக்கும்"ங்கறார். மாத்திக் குடுங்கன்னா ஸ்டாக் இல்லையாம், ஓட்டிப் பாருங்க, பிரச்சனைன்னா நான் பாத்துக்கிறேன்னு வாக்கு வேற.

பிரச்சனை உடனே பளிச்சுன்னு வரல, அதுதான் இதுல கொடும. பிரவுசர் டேப் சும்மா இருக்கும்போதே செத்துப்போகும். பெரிய ஜிப் ஃபைல பிரிச்சா சிஆர்சி எரர் (ஃபைல் கெட்டுப்போச்சுங்கற எரர்), அதே ஃபைல மறுபடி பிரிச்சா ஒழுங்கா வருது. வீடியோ எக்ஸ்போர்ட் பண்ணா நடுவுல ஒரே ஒரு ஃப்ரேம்ல பச்சைக் கட்டம், திரும்ப எக்ஸ்போர்ட் பண்ணா அந்த இடம் சுத்தமா இருக்கு, கட்டம் வேற எடத்துல போய் உக்காந்திருக்கு. புளூ ஸ்கிரீன் வந்தா ஒரு தடவ மெமரி மேனேஜ்மென்ட்னு போடுது, அடுத்த தடவ பேஜ் ஃபால்ட்டுங்குது, அப்புறம் ஐஆர்கியூஎல்னு என்னமோ. எரர் இப்படி ஒவ்வொரு தடவையும் பேர மாத்துதுன்னா முதல்ல ரேம் மேல சந்தேகப்படுங்க. டிரைவர் கோளாறுன்னா பெரும்பாலும் ஒரே பேரத்தான் திரும்பத் திரும்பச் சொல்லும்.

அவர்கிட்ட கொண்டு போனேன். "விண்டோஸ் கரப்ட் சார்"னு ஃபார்மட் அடிச்சாரு. சரியாகல. மறுபடியும் ஃபார்மட். இங்கதான் எனக்குப் பெரிய அடி. ஃபார்மட்டுக்கு முன்னாடி என் ஃபைலையெல்லாம் எக்ஸ்டர்னல் டிரைவுக்கு காப்பி பண்ணது அதே ஆட்டம் காணுற ரேம வச்சுத்தான். காப்பி ஆகுற ஒவ்வொரு ஃபைலும் ரேம் வழியாத்தான் போகுது, அங்க ஒரு பிட் மாறுனா மாறுன ஃபைல்தான் பேக்கப்ல போய் உக்காரும், ஒரு எரரும் காட்டாது. திறந்து பாத்தாத்தான் தெரியும், எனக்கு சில கிளிப் இப்ப வரைக்கும் திறக்கவே இல்ல. விண்டோஸையும் அதே ஸ்பீடுல இன்ஸ்டால் பண்ணா அதுவும் பிறவியிலேயே கோளாறோட வரலாம்.

அப்புறம் ஒரு நாள் "சார் எல்லாம் ரெடி, பக்காவா ஓடுது"ன்னு குடுத்தாரு. நிஜமாவே கிராஷ் இல்ல. எதேச்சையா டாஸ்க் மேனேஜர் திறந்து பெர்ஃபார்மன்ஸ்ல மெமரிய கிளிக் பண்ணேன். ஸ்பீடு 3600, கீழ யூஸ் ஆகுற ஸ்லாட் நாலுக்கு நாலு. அதாவது 6000க்கு காசு வாங்கிட்டு, பயாஸ்ல (விண்டோஸுக்கு முன்னாடி வர்ற மதர்போர்டு செட்டிங்) எக்ஸ்போ புரொஃபைல, அதாவது ரேம 6000ல ஓட வைக்கிற செட்டிங்க, ஆஃப் பண்ணிட்டு, ஒரு வார்த்த சொல்லாம கையில குடுத்திருக்காரு. இதுக்குப் பேரு ரிப்பேராம்.

போன் பண்ணா "ரேம் ஃபால்ட்டி சார், கம்பெனில வாரண்டி போடுங்க"ன்னு என் பக்கம் தள்ளி விட்டாரு. அதையும் பாத்துருவோம்னு மெம்டெஸ்ட்86 பென் டிரைவ்ல போட்டு ஓட்டுனேன். அது விண்டோஸுக்கு வெளிய ஓடுற ரேம் டெஸ்ட், அதுல எரர் வந்தா விண்டோஸ் மேல பழி போட வழியே இல்ல. நாலு ஸ்டிக்கும் 6000ல: எரர் எண்ணிக்கை கிடுகிடுன்னு ஏறுது. அப்புறம் ஒரு டப்பாவுல வந்த ரெண்ட மட்டும் ஏ2, பி2 ஸ்லாட்ல (பிராசசர்ல இருந்து எண்ணுனா ரெண்டாவது, நாலாவது) போட்டு 6000ல விட்டா ராத்திரி முழுக்க ஒரு எரர் இல்ல. இன்னொரு ஜோடியும் அதே மாதிரி சுத்தம். ஸ்டிக் எதுலயும் ஃபால்ட் இல்லங்க, நாலையும் சேத்து ஓட்டுனதுதான் ஃபால்ட். வாரண்டிக்கு அனுப்பிருந்தா நல்லாத்தான் இருக்குன்னு திருப்பி அனுப்பிருப்பாங்க, இவரும் தப்பிச்சிருப்பாரு.

என் பிராசசர் ரைசன் 7000 சீரிஸ். ரெண்டு ஸ்டிக் போட்டா 5200, நாலு போட்டா 3600, இவ்வளவுதான் ஏஎம்டி அதிகாரபூர்வமா சொல்லுற வேகம். 9000 சீரிஸ்ல ரெண்டுக்கு 5600 ஆச்சு, நாலுக்கு அதே 3600. டப்பா மேல இருக்குற 6000ங்கறது ஓவர்கிளாக் புரொஃபைல் (அதிகாரபூர்வ வேகத்தத் தாண்டி ஓட்டுறது), இன்டெல் பக்கத்து எக்ஸ்எம்பியும் அப்படித்தான். மெமரி கன்ட்ரோலர் பிராசசருக்குள்ள இருக்கு, ஒரே சேனல் (பிராசசருக்கும் ரேமுக்கும் நடுவுல போற பாதை) வயர்ல ரெண்டு ஸ்டிக் தொங்குனா சிக்னல் கலங்கும், வேகம் ஏற ஏற இன்னும் மோசமாகும். அதுலயும் எனக்கு வந்தது ரெண்டு தனித்தனி கிட். சிபியு-இசட்னு ஒரு சாஃப்ட்வேர்ல, ஸ்டிக்கோட விவரம் காட்டுற எஸ்பிடி டேப் பாத்தா ஒரு ஜோடில ஹைனிக்ஸ் சிப், இன்னொன்னுல சாம்சங், தயாரிச்ச வாரமும் வேற வேற. பழகாத ரெண்டு ஜோடி மாட்ட ஒரே வண்டியில பூட்டுன கதைதான். கம்பெனிக்காரன் டெஸ்ட் பண்ணி கேரண்டி குடுக்குறது ஒரு டப்பாக்குள்ள இருக்குறத மட்டும்தான்.

இதச் சொன்னா அடுத்த உருட்டு, "டிடிஆர்5ல ஈசிசி உள்ளயே இருக்கு சார், ரேம்ல தப்பே வராது". அது சிப்புக்குள்ள நடக்குற தப்பத் திருத்துறதுக்கு, சிப்புல இருந்து பிராசசருக்கு வர்ற வழியில கெட்டுப்போறத அது கண்டுக்காது. அதுக்கும் மேல ஒண்ணு, "எஸ்ஓசி வோல்டேஜ் ஏத்தி 6000ல நிக்க வச்சுத் தரேன்"னாரு, அதாவது மெமரி கன்ட்ரோலருக்குப் போற வோல்டேஜ. 2023ல ரைசன்ல சில எக்ஸ்3டி மாடல் பிராசசர் கருகுனதுக்கு அப்புறம்தான் ஏஎம்டி அத 1.3 வோல்ட்டுக்கு மேல போகாம பயாஸ்ல பூட்டு போட்டுச்சு. வேண்டாம் சாமி, கை வைக்காதீங்கன்னுட்டேன்.

கடைசில சாட் ஸ்கிரீன்ஷாட், மெம்டெஸ்ட் ரிப்போர்ட், டாஸ்க் மேனேஜர் போட்டோ மூணையும் முன்னாடி வச்ச பிறகுதான் 32 ரெண்டு வந்துச்சு. இப்ப 6000ல எந்தப் பிரச்சனையும் இல்லாம ஓடுது. போன கிளிப்புக்கு மட்டும் யாரும் பதில் சொல்லல.

ஆர்டர் போடும்போது வெறும் "64 ஜிபி"ன்னு விடாதீங்க, 32 ரெண்டு, ஒரே கிட்னு பில்லுலயே எழுதச் சொல்லுங்க. டப்பா லேபிள்ல பார்ட் நம்பரப் பாத்தாலே கிட்டான்னு தெரியும், கிங்ஸ்டன்னா கே2ன்னு வரும், கோர்சேர்னா எம்2, ஜி.ஸ்கில்னா எக்ஸ்2. மதர்போர்டு சைட்ல கியூவிஎல் லிஸ்ட் (அந்த போர்டுல டெஸ்ட் பண்ணிப் பாத்த ரேம் லிஸ்ட்) இருக்கும், அதுல ஸ்டிக் எண்ணிக்கைய சேத்துப் பாருங்க, ரெண்டுக்கு ஓகேன்னா நாலுக்கும் ஓகேன்னு அர்த்தம் இல்ல. டெலிவரி எடுக்கும்போது அவங்க முன்னாடியே டாஸ்க் மேனேஜர் திறந்து ஸ்பீடு பாருங்க (சிபியு-இசட்ல 3000னு பாதியா காட்டும், பயந்துராதீங்க). முதல் தடவ ஆன் பண்ணும்போது சில நிமிஷம் கருப்பு ஸ்கிரீன்ல நிக்கும், அது மெமரி டிரெய்னிங் (ரேமுக்கு ஏத்த மாதிரி பிசி தன்ன செட் பண்ணிக்கிறது), அதுக்காக பவர ஆஃப் பண்ணிராதீங்க. ஒரு ராத்திரி மெம்டெஸ்ட் ஓடி முடியற வரைக்கும் முக்கியமான ஃபைல் எதையும் அதுல ஏத்தாதீங்க.

அந்த நாலு ஸ்டிக்கும் இப்ப அவர்கிட்டதான் இருக்கு. அடுத்து வர்ற யாருக்காவது "64 ஜிபி, 6000"னு போகும், லைட்டும் செமயா இருக்கும்.